வலையில் பிறந்த பெயர்கள்

வைப்பாறு கடலில் விழும் இடத்தில் கீழவைப்பார் இருக்கிறது. பக்கத்து ஊர் சிப்பிகுளம், சுற்றுவட்டாரத்தில் உப்பளங்கள். முத்துக்குளித்துறையின் பழைய ஏழு ஊர்களை எண்ணும்போது வேம்பாரோடு சேர்த்து வைப்பாரையும் சொல்வது வழக்கம். வெளியூர்க்காரர் ஒருவர் இந்தப் பெயரைக் கேட்டதும் ‘பார்’ என்பதைப் பிடித்துக்கொள்வார். தூத்துக்குடிக் கடலில் பார் என்றால் முத்துச்சிப்பி ஒட்டி வளரும் கடலடிப் பாறைத்திட்டு. முத்துக் குளித்த ஊர், பக்கத்தில் சிப்பிகுளம், பெயரிலேயே பார். கணக்கு ஒரு நொடியில் நேராகிவிடும். ஆனால் அடையாறு பேச்சில் அடையார் ஆனதுபோல வைப்பாறு வைப்பார் ஆனது என்பதே எளிய விளக்கம். அதற்காகக் கடலுக்கடியில் போய்ப் பாரைத் தேட வேண்டியதில்லை. அழகான காரணம் ஒன்று முன்னால் வந்து நின்றால், பக்கத்தில் ஓடும் ஆறுகூடக் கண்ணில் படாமல் போகும். இந்தக் கரையில் காட்டுயிர்களுக்கு வழங்கும் பட்டப்பெயர்களைப் பற்றிப் பேசுமுன் இந்த எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஏனென்றால் விலங்குகளின் நாட்டுப் பெயர்களுக்கும் ஓர் அழகான காரணம் எப்போதும் தயாராக இருக்கிறது: பார்க்க எப்படி இருந்ததோ அப்படிப் பெயர் வைத்தார்கள் என்பது அது.

இந்த விளக்கம் முழுப் பொய் இல்லை. ஆனால் மன்னார் வளைகுடாவின் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர் வைத்திருக்கக்கூடிய பெயர்கள் குறைவு. கையில் பிடித்தவர், வலையிலிருந்து பிரித்தெடுத்தவர், கத்தியால் அறுத்தவர் மட்டுமே வைத்திருக்க முடிகிற பெயர்கள்தான் அதிகம். ஆமைகளிலிருந்து தொடங்கலாம். அழுங்காமை என்று ஓர் ஆமை உண்டு. அழுங்கு என்பது எறும்புதின்னி; தேரிக்காட்டிலும் மலையடியிலும் திரியும், உடம்பெல்லாம் செதில் மூடிய பிராணி. அதற்கும் கடலாமைக்கும் உருவத்தில் என்ன சம்பந்தம்? ஆமையைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதுகைத் தடவிப் பார்த்தால் தெரியும். மற்ற ஆமைகளின் ஓட்டுத் தகடுகள் தளம் பாவியதுபோல ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். இந்த ஆமைக்கு மட்டும் ஓடு வேய்ந்த கூரைபோல ஒரு தகட்டின் விளிம்பு அடுத்த தகட்டின் மேல் ஏறிக் கிடக்கும், எறும்புதின்னியின் செதில்கள் கிடப்பதுபோலவே. ஆங்கிலேயர் இதே ஆமையின் மூக்கைப் பார்த்துப் பருந்தின் அலகு என்றார்கள். நம்மவர்கள் முதுகைப் பார்த்தார்கள். ஆமையைப் படகில் ஏற்றிக் குப்புறப் போட்டு வைத்தவர்களின் பெயர் இது என்று சொன்னால் மிகையாகாது. ஏழுவரி ஆமை இன்னும் துல்லியம். ஓடே இல்லாமல் தோல் போர்த்த அந்தப் பெரிய ஆமையின் முதுகில் நீளவாக்கில் ஓடும் வரைகள் ஏழுதான். எண்ணிப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். அதற்கே தோணியாமை என்றும் ஒரு பெயர் உண்டு. ஒரு வேடிக்கையையும் இங்கே சொல்லியாக வேண்டும். உருவத்தில் மிகப் பெரியது இந்த ஏழுவரி ஆமை. ஆனால் பேராமை என்ற பட்டம் கடல்தாழை மேயும் வேறோர் ஆமைக்குப் போயிருக்கிறது. 1970களில் சட்டம் தடுக்கும்வரை இறைச்சிக்காக இந்தக் கரையில் அதிகம் பிடிபட்டது அதுதான். அளவுகோலை வைத்து வந்த ‘பேர்’ இல்லை, சந்தையை வைத்து வந்தது.

சங்கும் முத்தும் எடுத்தவர்களின் கைக்குச் சிக்கிய இன்னொரு பிராணி அட்டை. அச்சில் கடல் அட்டை என்று எழுதுகிறோம். கடலுக்குள் இருப்பவருக்கு ‘கடல்’ என்ற முன்னொட்டு எதற்கு? அவர் அட்டை என்பார், பிறகு அதைப் பிரித்துச் சொல்வார்: வெள்ளை அட்டை, ராஜ அட்டை, குச்சி அட்டை, நூல் அட்டை. கடைசிப் பெயரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மணலில் கிடக்கும்போது நூல் அட்டையில் நூல் எதுவும் கிடையாது. மற்ற அட்டைகளைப் போலவே தடித்த வெள்ளரிக்காய் வடிவம். அதை அழுத்திப் பிடித்தால்தான் பின்பக்கத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக இழைகளைக் கக்கும். இழை விரலில் ஒட்டிக்கொண்டால் எளிதில் விடாது. எதிரியைச் சிக்கவைக்க அது வைத்திருக்கும் ஆயுதம் அது. விலங்கியல் பாடநூல் இதை ஒரு பிரெஞ்சு அறிஞரின் பெயரால் அழைக்கிறது. முக்குளித்தவர் நூல் என்றார். தொடாமல் யாராலும் இந்தப் பெயரை வைத்திருக்க முடியாது. கடல் பாம்புகளில் வலக்கடியன் என்பதும் இதே குடும்பம். அலகு வளைந்த, நஞ்சு கடுமையான இந்தப் பாம்புக்கு ஆங்கில நூல்கள் தரும் பல பெயர்களில் ‘வலகாடின்’ என்பதும் ஒன்று. தமிழ்க் கரையில் கேட்டு எழுதியதன் சாயல் அதில் அப்படியே இருக்கிறது. வலையில் கடிப்பவன் என்று பிரித்துப் பார்த்தால் பொருள் கச்சிதமாக உட்காருகிறது. வலையில் மீனோடு மீனாக ஏறி வந்து, பிரித்தெடுக்கும்போது கையில் போடும் பாம்பு அது. கடல் பாம்பு கடித்து இறந்த மீனவர்களில் பெரும்பாலோர் இந்த இனத்துக்குத்தான் பலியானவர்கள். உருவத்தால் பெயர் பெற்றதாகத் தோன்றும் மயில் மீனும் அப்படித்தான். சந்தைக்கு வரும்போது அதன் முதுகுத் துடுப்பு பள்ளத்துக்குள் மடங்கிக் கிடக்கும், மயிலுக்கும் அதற்கும் ஒட்டும் இருக்காது உறவும் இருக்காது. தூண்டிலில் மாட்டி உயிரோடு துள்ளும்போது அந்தத் துடுப்பு தோகையாக விரிவதைப் படகில் இருப்பவர்தான் பார்த்திருக்க முடியும்.

இந்த வாதத்துக்குக் கடுமையான சோதனை கடல்பசு. பெயரே உருவ ஒப்புமைபோல ஒலிக்கிறது: கடலடியில் தாழை மேய்கிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது, ஆகவே பசு. ஆனால் மீனவர் வாயில் வழங்கும் ஆவுளியா என்ற பெயர் எங்கே போயிற்று? கடல்பன்றி எங்கே? கடல்பன்றி என்பது மன்னாரின் அக்கரையில் ஈழத் தமிழர்களும் சொல்லும் பெயர். சிங்களத்தில் ‘முஹுது ஊரா’ என்பதற்கும் பொருள் அதுவே. உலகத்தின் மறுபக்கத்திலும் இதே பன்றி திரிகிறது. ஓங்கிலின் உறவான சிறு கடல் பாலூட்டிக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘போர்பஸ்’ என்ற பெயர் பன்றி, மீன் என்ற இரண்டு லத்தீன் சொற்களிலிருந்து வந்தது. சீனர்கள் ஓங்கிலுக்கு எழுதும் இரண்டு எழுத்துகளின் பொருள் கடல், பன்றி. ஒருவரையொருவர் அறியாத இத்தனை கரைகளும் ஏன் பன்றியில் போய் நிற்கின்றன? இந்தப் பிராணிகளை வெளியிலிருந்து பார்த்தால் பன்றி ஞாபகம் வருவது கடினம். அறுத்துப் பார்த்தால் தோலுக்கடியில் கொழுப்பு அடுக்கு ஒன்று வெள்ளையாக வரும். சமையலறையில் அதற்கு ஒப்பிடச் சொல் ஒன்றுதான் உண்டு. ஆகவே கடல்பன்றி கத்தி பிடித்தவரின் பெயர், கடல்பசு மேய்ச்சலைக் கண்டவரின் பெயர் அல்லது ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தவரின் பெயர். விலங்கு ஒன்றுதான், பெயர் வைத்தவர் நின்ற இடம் வேறு. ஆவுளியா என்பதில் ‘ஆ’ வருவதால் அதுவும் பசுவே என்று சிலர் வேகமாக முடிவு கட்டிவிடலாம். வைப்பாரில் ‘பார்’ தேடுவது போன்ற வேலை அது. முதலெழுத்து ஒத்துப்போனதைச் சான்று என்று நான் ஏற்க மாட்டேன்.

படித்தவர்கள் அடுத்து ஒரு மறுப்பைக் கொண்டுவருவார்கள்: காட்டுயிர்களின் பட்டப்பெயர்களுக்கு மூலம் வேலை இல்லை, பயம் என்பார்கள். உண்மையான பெயரைச் சொன்னால் அது வந்துவிடும் என்ற அச்சத்தில் சுற்றி வளைத்துச் சொன்ன பெயர்களே நிலைத்துவிட்டன என்பது அவர்கள் வாதம். இதற்கு நல்ல சான்றுகள் உண்டு. ரஷ்ய மொழியில் கரடியின் பெயருக்குத் ‘தேன் தின்பவன்’ என்று பொருள். அதற்கு முந்தைய பெயர் வழக்கிலிருந்தே போய்விட்டது. ஸ்காட்லாந்து மீனவர்கள் படகில் சால்மனைப் பெயர் சொல்லாமல் ‘சிவப்பு மீன்’ என்பார்கள். சுமத்ராவில் புலி பாட்டன் ஆகிறது. நம் வீடுகளில் இருட்டிய பிறகு பாம்பு என்று சொல்லாமல் பூச்சி என்கிறோம். கடித்தால் ஆளை முடித்துவிடும் பாம்புக்கு நல்ல பாம்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். முத்துக்குளித்துறையில் பயத்துக்குப் பஞ்சமே இல்லை. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடல்கட்டிகளுக்கு, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு போயிற்று என்று 13ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். ஆங்கிலேயர் ஆட்சியிலும் முத்துக்குளிப்பு நடக்கும்போது கடல்கட்டிக்குக் கூலி கொடுத்தார்கள். அவர் வராவிட்டால் யாரும் இறங்க மாட்டார்கள் என்பது அதிகாரிகளுக்குத் தெரியும். இவ்வளவு பயந்த கரையில் சுறாக்களுக்கு என்ன பெயர்? தலை பக்கவாட்டில் நீண்டு கொம்பு முளைத்ததுபோல இருப்பது கொம்பன் சுறா. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் புட்டு செய்து கொடுப்பது பால்சுறா. ஒன்று வலையில் சிக்குகிற கொம்பு, இன்னொன்று அடுப்பங்கரை. பயத்தைக் கடல்கட்டி வாங்கிக்கொண்டார், பெயரைத் தொழில் வைத்தது. பயத்தால் பிறந்த பெயர்கள் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. எதிரில் நிற்க முடியாத விலங்குக்குத்தான் அப்படிப் பெயர் வரும் என்கிறேன். மலையடிவாரத்துச் செய்தியைப் பாருங்கள். 2023இல் கம்பத்துப் பக்கம் வந்து, பிடிபட்டு, களக்காடு முண்டந்துறையில் கொண்டுபோய் விடப்பட்ட யானைக்கு அரிக்கொம்பன் என்று பெயர். சின்னக்கானலில் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றதால் வந்த பெயர் அது. அங்கேயும் பயத்தைவிடப் பெயரில் பதிந்திருப்பது பறிபோன அரிசிதான்.

இன்னொரு மறுப்பு இலக்கணத்திலிருந்தே வரும். தொல்காப்பிய மரபியல் எருதுக்கு உரிய ‘ஏறு’ என்ற பெயரைக் கடலில் வாழும் ஆண் சுறாவுக்கும் கொடுக்கிறது. தரைக்கண்ணோடு கடலைப் பார்க்கும் பழக்கம் இரண்டாயிரம் ஆண்டுப் பழசு, கடல்பசுவை மட்டும் ஏன் குறை சொல்கிறாய் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அழுங்காமையும் தரைப் பிராணியைக் கொண்டு வைத்த பெயர்தானே! கடலுக்குப் போகிறவரும் கரையில்தான் குடியிருக்கிறார். ஒப்பிட அவருக்கும் மாடும் மயிலும் எறும்புதின்னியும்தான் கைவசம். எதைக் கொண்டு ஒப்பிட்டார் என்பதைவிட எதைப் பார்த்துவிட்டு ஒப்பிட்டார் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

இதெல்லாம் சொல்லாராய்ச்சியோடு முடிந்துபோகிற விஷயமாக இருந்தால் செய்தித்தாளில் எழுத வேண்டிய தேவை இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்கா ஆயின. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடல்பசுப் பாதுகாப்பகம் 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே இதுதான் முதல். இரண்டும் நல்ல காரியம். ஆனால் இவற்றையொட்டி அச்சாகும் பலகைகளையும் துண்டறிக்கைகளையும் படித்தால், அநேகமாக எல்லாப் பெயர்களும் ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் இறக்கியவை. உலகத்தின் மிகப் பெரிய மீன் அங்கே திமிங்கலச் சுறா. திமிங்கலமா, சுறாவா என்று படிக்கிறவர் முழிக்க வேண்டியதுதான். இந்தக் கரையில் அந்த மீனுக்கு அம்மணி உளுவை என்று பெயர். சாதுவாக மிதந்துகொண்டு, யாரையும் கடிக்காமல், வாயைத் திறந்து மிதவை உயிர்களை வடிகட்டித் தின்னும் அந்தப் பெரிய உயிருக்கு ‘அம்மணி’ என்று மரியாதை கொடுத்து, தட்டைத் தலையும் நீண்ட உடம்பும் கொண்ட உளுவையோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்த மீனின் சுபாவமும் வடிவமும் இரண்டு சொற்களில் அடங்கிவிட்டன.

விழிப்புணர்வு வேலை செய்பவர்கள் இதற்குச் சொல்லும் பதில் பலமானது. பழைய பெயர்களில் பல, கொன்று தின்ற காலத்தின் பெயர்கள். கடல்பன்றி என்று சொல்லும்போதே வாயில் கறி ருசி வருகிறது. கடல்பசு என்றால் கை தயங்கும். பெயரை மாற்றினால் பழக்கம் மாறும் என்பதற்கு குஜராத்தைக் காட்டுவார்கள். சௌராஷ்டிரக் கரையில் இதே அம்மணி உளுவைக்கு ‘பேரல்’ என்று பெயர் இருந்தது. தூண்டில் கொக்கியோடு காலிப் பீப்பாய்களைக் கட்டி விட்டால் மீனால் ஆழத்துக்குப் போக முடியாது, களைத்து மேலே வந்துவிடும். அந்தப் பீப்பாயே மீனின் பெயர் ஆயிற்று. 2001இல் இந்த மீனைச் சட்டப் பாதுகாப்பில் சேர்த்தார்கள். 2004இல் வைல்ட்லைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியா நடத்திய இயக்கத்தில் ராமகதை சொல்லும் மொராரி பாபு, இது பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்று பேசினார். ‘வஹாலி’, அதாவது செல்லமானவள், என்ற பெயர் பரவியது. வலையில் மாட்டிய நூற்றுக்கணக்கான மீன்களை மீனவர்களே வலையை அறுத்து விடுவித்தார்கள். அறுந்த வலைக்கு இழப்பீடும் கிடைத்தது என்பதை மறக்கக் கூடாது. பெயர் மட்டும் அந்த வேலையைச் செய்யவில்லை. இருந்தாலும் பெயருக்குப் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்டே கேட்கிறேன்: குஜராத்தில் பேரலை வஹாலி ஆக்க ஓர் இயக்கமும் கதாகாலட்சேபமும் தேவைப்பட்டன. இங்கே மீனவர்கள் யாரும் சொல்லாமலேயே அந்த மீனை அம்மணி என்று அழைத்து வந்தார்கள். வீட்டுக்குள்ளேயே செல்லப்பெயர் இருக்கும்போது அதைத் துடைத்துவிட்டு ‘திமிங்கலச் சுறா’ என்று பலகை எழுதுவது யாருடைய மனத்தை இளக்க? கடல்பன்றியைப் பொறுத்தவரை, பலகையில் கடல்பசு என்றே எழுதட்டும். பக்கத்தில் ஆவுளியா என்று சேர்த்து எழுதினால் திருக்கைவலை போடுகிறவருக்கு எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று உடனே புரியும். கடல்பசு சிக்குவது பெரும்பாலும் அந்த மாதிரி வலைகளில்தான்.

அறிவியல் தரப்பு மறுப்பை இன்னும் நிதானமாகக் கேட்க வேண்டும். நாட்டுப் பெயர் ஊருக்கு ஊர் மாறும், ஒரே பெயர் இரண்டு விலங்குக்கு வரும், சட்டம் அதை நம்பி நடக்க முடியாது என்பது அவர்கள் கட்சி. உண்மை. கடல்பன்றி என்பது ஆவுளியாவையும் குறிக்கும், போர்பஸையும் குறிக்கும். ஆனால் லத்தீன் பெயர் இருந்துவிட்டால் குழப்பம் வராது என்பது மட்டும் சரியில்லை. 2001 ஜூலையில் மத்திய அரசு சுறா, திருக்கை, உளுவை இனங்கள் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாகப் பிடிக்கக் கூடாது என்றது. கடற்கரை கொந்தளித்தது. அந்த டிசம்பரிலேயே தடை பத்து இனங்களாகச் சுருங்கியது. சுருங்கிய பட்டியலில் உளுவைக்கு எழுதியிருந்த அறிவியல் பெயர் ரிங்கோபேட்டஸ் ஜிடென்சிஸ். அந்த இனம் செங்கடலிலிருந்து தென்னாப்பிரிக்கா வரையான மேற்கு இந்தியப் பெருங்கடலுக்கு உரியது என்றும், நம் வலைகளில் ஏறுபவை அதன் உறவினங்கள் என்றும் பின்னர் தெளிவாயிற்று. ஏட்டில் பாதுகாப்புப் பெற்ற உளுவை ஒன்று, கரையில் இறங்கிய உளுவை வேறு. வெறும் ‘உளுவை’ என்று எழுதியிருந்தால் சட்டம் சரியாக இருந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. இரண்டு பெயர்களும் அருகருகே இருந்து, கரையில் போய்ச் சரிபார்த்திருந்தால் பிழை சீக்கிரம் பிடிபட்டிருக்கும். லத்தீன் பெயர் எந்த இனம் என்று சொல்லும், நாட்டுப் பெயர் அது மனிதர் கையில் எப்படிச் சிக்கியது என்று சொல்லும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

இதற்குப் புதிய திட்டமோ வாரியமோ வேண்டியதில்லை. 2002ஆம் ஆண்டு உயிரினப் பன்மயச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். உள்ளூர்ப் பெயருக்கும் அதில் இடம் உண்டு. பெயரை எழுதும்போது ‘ஏன் அந்தப் பெயர்’ என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டால் போதும். தூத்துக்குடியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. 1988இல் வெள்ளை அட்டையைச் செயற்கை முறையில் முதன்முதலாகக் குஞ்சு பொரிக்க வைத்தது இந்த நிலையம்தான். அட்டைகளின் நாட்டுப் பெயர்கள் அந்த நிறுவனத்தின் பழைய அறிக்கைகளில் கவனமாகப் பதிவாகியிருக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் முக்குளித்தவர்களிடம் கேட்டு எழுதிய காலம் அது. ஏழுவரி ஆமையையும் அழுங்காமையையும் இன்று பிடிக்கக் கூடாது, சரி. தொடாத பிராணியின் பெயர் எத்தனை தலைமுறை தாங்கும் என்பதுதான் கவலை. 2001இல் அட்டை எடுப்பதும் தடையானது. அதற்குப் பிறகு அட்டை செய்தியில் வருவது கடத்தலில் பிடிபடும்போதுதான். ‘இத்தனை கிலோ கடல் அட்டை பறிமுதல்’ என்று எடை மட்டும் வரும், வெள்ளையா ராஜனா குச்சியா என்று யாரும் கேட்பதில்லை. தடை வந்த ஆண்டில் இருபது வயதில் நீரில் இறங்கிக்கொண்டிருந்தவருக்கு இப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். விரலில் ஒட்டிய அந்த வெள்ளை இழை ஞாபகம் இருக்கிற கடைசி ஆட்களில் அவரும் ஒருவர். அவர் பையன் கடலுக்குப் போகிறவனாகவே இருந்தாலும், நூல் அட்டையில் நூல் எங்கே இருக்கிறது என்று அவனைக் கேட்டால் அப்பாவைத்தான் கைகாட்டுவான்.